மேற்கு மூலையின் இரண்டு தகரங்கள்

துக்க மெத்தையில் உட்கார்ந்த நான்காம் நாள், மாலிபுவோவின் தலைக்கு மேலிருந்த கூரை போயிற்று.

செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று மணி. முதலில் மேற்கிலிருந்து காற்று. பின்னாலேயே ஆலங்கட்டி, கோழிமுட்டை அளவில். இருபத்தெட்டு வருஷத் தகரம் அது. துரு தின்று அப்பளம் போல் ஆகியிருந்தது. கட்டி விழுந்த இடமெல்லாம் பொத்தல். பொத்தலுக்குள் காற்று கையை விட்டது. ஐந்து தகரங்கள் ஆணியோடு பிய்த்துக்கொண்டு பறந்தன. ஒன்று ஆட்டுப்பட்டிச் சுவரில் மோதி மடங்கியது. மற்ற நான்கும் பள்ளத்தாக்கில் எங்கே போயின என்று யாரும் தேடவில்லை.

அவள் எழுந்து ஓடவில்லை. புருஷனை இழந்தவள் அடக்கம் முடியும்வரை தரையில் போட்ட மெத்தையை விட்டு இறங்கக் கூடாது. துணைக்கு இருந்த இரண்டு பெண்கள் தங்கள் கம்பளிகளைச் சேர்த்து அவள் தலைக்கு மேல் பிடித்தார்கள். ஒருத்திக்கு நடுவிரல் வீங்கிப்போயிற்று.

கால் மணி நேரத்தில் எல்லாம் முடிந்து வெயில் அடித்தது. ஆலங்கட்டி கோடு கிழித்தாற்போல் மலைமுகட்டு வீடுகளை மட்டும் அடித்துவிட்டுப் போயிருந்தது. கீழே சரிவில் ஊர்க்காரர் மத்சோசோவின் மக்காச்சோளம் ஓர் இலைகூடக் கிழியாமல் நின்றது.

அவள் புருஷன் தெபாலோ சனிக்கிழமை விடியற்காலையில் இறந்திருந்தார். லெசோத்தோவின் எல்லையைத் தாண்டி, தென்னாப்பிரிக்காவில், ஒரு மருத்துவமனையில். தங்கச் சுரங்கத்தில் முப்பத்தொரு வருஷம். நுரையீரல் நிறையத் தூசி. உடல் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரும். அன்று இரவு சொந்த வீட்டில் கிடத்துவார்கள். சனிக்கிழமை காலை அடக்கம். இதில் எதையும் மாற்ற முடியாது.

தெபாலோவின் தம்பி சேகோ வாசலில் நின்று வானத்தையும் அண்ணியையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அண்ணி, அண்ணனை என் வீட்டுல வெச்சுக்கலாம். அங்க கூரை நல்லாத்தானே இருக்கு.”

“உன் வீட்டுல கூரை நல்லா இருக்கு. உன் வீட்டுல அவருக்கு என்ன வேலை?”

“ஒரு ராத்திரிதானே அண்ணி.”

“ஒரு ராத்திரிதான். அதனாலதான் சொல்றேன்.”

தெபாலோ முப்பத்தொரு வருஷம் சுரங்க விடுதியின் கூரைக்குக் கீழே தூங்கியவர். ஈஸ்டருக்கு நான்கு நாள், கிறிஸ்துமஸுக்குப் பத்து நாள் என்று வந்து போவார். வேலை விட்டு வந்த பிறகும் பாதி நாள் ஆஸ்பத்திரி. வீட்டைக் கட்டியது அவள். கல் உடைத்து, மண் குழைத்து, தகரங்களைக் கழுதை முதுகில் கட்டி ஏற்றி, காற்றில் கழுதையோடு சேர்ந்து சாய்ந்து, மேலே கொண்டுவந்தது அவள். கடிதத்தில் அவர் எழுதிக் கேட்பார்: ‘நம் வீட்டில் ஜன்னல் எந்தப் பக்கம் வைத்திருக்கிறாய்?’

அவளுடைய நெற்றியில், இடது புருவத்துக்கு மேலே, ஒரு வெட்டுத் தழும்பு உண்டு. எல்லோரையும் போல அவளும் முதல் வருஷம் கூரைமேல் பாரத்துக்குக் கல் வைத்திருந்தாள். ஆகஸ்ட் காற்று கல்லை உருட்டித் தலையில் போட்டது. யாராவது கேட்டால், “கூரைக்குப் போட்டேன், கூரை எனக்குப் போட்டுது” என்பாள். அதற்குப் பிறகு அவள் வீட்டுக் கூரையில் கல் ஏறியதில்லை.

மகள் லிபுவோ வியாழக்கிழமை மத்தியானம் தலைநகர் மசேருவிலிருந்து வந்தாள். சாலை போடும் கம்பெனியின் சோதனைக்கூடத்தில் வேலை; கான்கிரீட் கட்டைகளை இயந்திரத்தில் வைத்து, எந்தப் பாரத்தில் உடைகிறது என்று எழுதிவைப்பாள். வாடகைப் பிக்கப்பில் பன்னிரண்டு புதுத் தகரம், பழையதைப் போல இரண்டு மடங்கு தடிமன். ரப்பர் வாஷர் போட்ட திருகாணிகள் ஒரு பெட்டி. வந்தவள் அம்மாவின் பக்கத்தில் ஐந்து நிமிஷம் உட்கார்ந்தாள். பிறகு எழுந்துபோய்க் கூரைச் சட்டங்களை அளந்தாள்.

அதற்குள் மத்சோசோ ஊர்த்தலைவியைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். நெட்டையான மனிதர், பேசும்போது கைத்தடியால் தரையைக் குத்துவார். அந்த ஊரில் ‘ம்மே’ என்றால் அம்மா, ‘ந்தாத்தே’ என்றால் ஐயா.

“ம்மே மாலிபுவோ, உன் துக்கம் எங்க துக்கம். ஆனா பொணம் மண்ணுக்குள்ள போறதுக்கு முன்னாடி சாவு வீட்டுல இரும்பை அடிச்சா ஆலங்கட்டி வரும். இது உனக்கும் தெரியும். என் சோளம் இப்பத்தான் பூ விட்டிருக்கு.”

“ந்தாத்தே, செவ்வாய்க்கிழமை யாரு அடிச்சாங்க? அப்பவும் வந்துதே.”

“அது உன் வீட்டுக்கு வந்துது. என் வயலுக்கு வரல.”

“ஆமா, உங்க வயலைக் கேட்டுட்டுத்தானே அது வரும்.”

துணைக்கிருந்த பெண்கள் கம்பளிக்குள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மெத்தையில் இருப்பவள் இப்படிப் பதில் சொல்லக் கூடாது. ஊர்த்தலைவி மட்டும் சிரிக்காமல் லிபுவோவைப் பார்த்தாள்.

“சுத்தியல் இல்லாம எப்படிப் போடுவே, பொண்ணே?”

லிபுவோ பேட்டரி டிரில்லை எடுத்து ஒரு பலகையில் ஒரு திருகாணியை ஏற்றிக் காட்டினாள். ‘ர்ர்ர்’ என்று ஓடி நின்றது. ஊர்த்தலைவி இன்னொன்று ஏற்றச் சொன்னாள். கண்ணை மூடிக் கேட்டாள்.

“இது திரிக்கிறது, அடிக்கல. மாவு மிஷின் மாதிரித்தான் கத்துது. சாவுச் சோத்துக்கு மாவு திரிக்கிறோம், அதுக்கு ஆலங்கட்டி வந்துதா, மத்சோசோ?”

மத்சோசோ தடியால் தரையைக் குத்தினார். ஊர்த்தலைவி லிபுவோவிடம் திரும்பினாள்.

“போடுங்க. ஆனா ஒரு ஆணி, ஒத்தை ஆணி அடிச்ச சத்தம் கேட்டாலும், வயலுக்கு வர்ற சேதத்துக்கு இந்த வீடுதான் பொறுப்பு.”

அன்று பொழுது சாயும்வரை பழைய தகரங்களைக் கழற்றினார்கள். சேகோ ஆணிகளைச் சுத்தியலின் பின்பக்கத்தால் நெம்பி எடுத்து ஒரு டப்பாவில் போட்டார். அவருக்கு எதையும் எறிய மனம் வராது. மாலிபுவோ கிழக்கு ஓரத்தில், வாசலுக்குப் பக்கத்தில், மெத்தையில் இருந்தபடியே தன் வீட்டின் உட்பக்கத்தைப் பகல் வெளிச்சத்தில் பார்த்தாள். இருபத்தெட்டு வருஷத்துக்குப் பிறகு இப்போதுதான்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு மேலே ஏறினார்கள். ஒரே சரிவுள்ள கூரை. தகரங்கள் மேலிருந்து கீழாக, ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக, ஓரத்தின் மேல் ஓரம் ஏறும்படி வரவேண்டும். சேகோ மேற்கு மூலையில் ஆரம்பித்தார். அந்த மூலையில்தான் பெட்டியை வைப்பார்கள். அண்ணன் கிடக்கப்போகும் இடத்தை முதலில் மூடவேண்டும். மற்ற இடம் பிறகு. யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. அந்த ஊரில் யார் ஏறியிருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள். படித்த லிபுவோவும் ஒன்றும் சொல்லவில்லை. அப்பாவின் இடம் முதலில் மூடப்படுவதை அவளும் விரும்பினாள்.

பத்து மணிக்குள் நான்கு தகரம் ஏறிவிட்டது. ஒரு தகரத்துக்கு இருபது திருகு.

அப்போது மேற்கிலிருந்து காற்று லேசாக எழுந்தது. மாலிபுவோவுக்கு மேலே ஒரு சத்தம் கேட்டது. போத்தல் வாயில் ஊதினால் வருவது போல மெல்லிய ஊளை. நிமிர்ந்து பார்த்தாள். தகரமும் தகரமும் சேரும் இடத்தில், மேலே ஏறிய ஓரம் மேற்கைப் பார்த்து வாய் திறந்திருந்தது.

“லிபுவோ!”

“என்ன ம்மே?”

“கழட்டு.”

டிரில் நின்றது. சட்டங்களுக்கு நடுவிலிருந்து மகளின் முகம் எட்டிப் பார்த்தது.

“எதைக் கழட்ட?”

“நாலையும். ஓரம் காத்தைப் பார்த்து இருக்கு. கிழக்குலேர்ந்து ஆரம்பிச்சு வரணும். மேற்குத் தகரம் கடைசியா மேல ஏறணும். அப்பத்தான் காத்து வழுக்கிட்டுப் போகும்.”

“தகரத்துக்கு இருபது திருகு போட்டிருக்கேன் ம்மே. அசையாது.”

“திருகு அசையாதுடி. தகரம் கிழியும். என் முதல் கூரை இப்படித்தான் போச்சு. மேற்குலேர்ந்து போட்டேன். ரெண்டு வருஷம் நின்னுது. மூணாவது வருஷம் ஒரே இழுப்பு. பாயைச் சுருட்டுற மாதிரி சுருட்டிட்டுப் போச்சு. நீ என் வயித்துல ஏழு மாசம். தகரம் பொறுக்கப் பள்ளத்துல இறங்கினேன்.”

சேகோ குறுக்கிட்டார். “அண்ணி, அப்படிப் போட்டா அண்ணன் மூலை கடைசியாத்தான் மூடும். அவர் வர்ற நேரத்துல அந்த இடம் திறந்து கெடந்தா…”

“தெரியும்.”

லிபுவோ கூரைமேல் குந்தியபடி மனதுக்குள் கூட்டிக் கழித்தாள். பேட்டரி இரண்டு, இரண்டும் சேர்ந்து முந்நூற்று அறுபது முறை ஓடும். ஊரில் மின்சாரம் இல்லை. ஏற்ற எண்பது, கழற்ற எண்பது.

“மிச்சம் இருநூறு. பத்துத் தகரத்துக்குத்தான் வரும் ம்மே. கடைசி ரெண்டும் ஸ்பேனரால கையால திருகணும். ஒண்ணுக்கு அஞ்சு நிமிஷம். நாப்பது திருகு. ஆறு மணியாயிடும்.”

“வண்டி எப்ப வரும்?”

“நாலுக்கு.”

மாலிபுவோ மேற்கு மூலையைப் பார்த்தாள். அங்கே தரையில் சாணம் புதிதாக மெழுகியிருந்தது.

“கழட்டு” என்றாள்.

கிழக்கிலிருந்து ஒவ்வொன்றாக ஏறியது. சூடான தகரத்தில் முழங்கால் சுட, லிபுவோ கம்பளியை மடித்துப் போட்டுக்கொண்டாள். கீழே பெண்கள் சோளமாவுக் களி கிண்டினார்கள். ஏணியில் ஏற்றிக் கொடுத்த தட்டு தொடாமல் திரும்பி வந்தது. மாலிபுவோ தலைக்கு மேல் நிழல் ஒரு முழம் ஒரு முழமாக நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டரைக்குப் பத்தாவது தகரத்தின் கடைசித் திருகு பாதியில் நின்றது. டிரில் ஒருமுறை முனகி ஓய்ந்தது.

மூன்று மணிக்கு மேற்கில் மேகம் ஏறத் தொடங்கியது.

மேகத்தைப் பார்க்க அவள் வெளியே போகவேண்டியதில்லை. திறந்திருந்த மூலை வழியாகவே தெரிந்தது. மேலே வெள்ளை, அடிவயிற்றில் பச்சை. அந்தப் பச்சையைப் பார்த்தால் மலையில் மாடுகூடப் படுக்காது.

மூன்றரைக்கு, வண்டி கீழ்வளைவுக்கு வந்துவிட்டது என்று குரல் கேட்டது. சொன்ன நேரத்துக்கு முன்பே. வளைவுக்கு மேல் வண்டி ஏறாது. தோளில்தான் தூக்கிவர வேண்டும். சேகோ ஏணியை விட்டு இறங்கினார். அண்ணனை எதிர்கொள்ளத் தம்பி போகாமல் இருக்க முடியாது. கூரைமேல் லிபுவோ மட்டும். பதினோராவது தகரத்தில் எட்டுத் திருகு. பன்னிரண்டாவது சும்மா கிடந்தது.

“லிபுவோ, இறங்கி வா.”

“இன்னும் நாலு ம்மே.”

“இறங்குடி!”

ஸ்பேனர் தகரத்தில் உரசும் சத்தம் மட்டும் கேட்டது.

காற்று நின்றது. பறவைச் சத்தம் நின்றது. பிறகு குளிர்ந்த காற்று ஒரே தள்ளாக வந்தது. பன்னிரண்டாவது தகரம் எழும்பியது. வெளிச்சம் ஒரு கோடாக உள்ளே விழுந்தது. எழும்பிய தகரம் டமார் என்று கீழே விழுந்தது. அதன்மேல் ஏதோ கனமாக விழுந்த சத்தம். மகள் தகரத்தின்மேல் குப்புறப் படுத்துவிட்டாள் என்று மாலிபுவோவுக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று.

முதல் கட்டி விழுந்தது. அடுத்தது. பிறகு எண்ண முடியவில்லை. மலையே கல்லெறிந்தது போல இருந்தது. மகளின் எடை ஐம்பது கிலோ இருக்குமா? தகரம் அவளோடு சேர்ந்து ஒரு சாண் எழும்பி விழுந்தது. மறுபடி எழும்பியது. இன்னொரு தள்ளு வந்தால் தகரமும் போகும், அதில் இருப்பவளும் போவாள்.

மாலிபுவோ மெத்தையை விட்டு எழுந்தாள்.

பெண்கள் இருவரும் கம்பளியைப் பிடித்து இழுத்தார்கள். கம்பளி அவர்கள் கையிலேயே நின்றது. ஏழு நாளாக மடங்கியிருந்த கால்கள். வாசல்வரை சுவரைப் பிடித்துக்கொண்டுதான் போனாள்.

முற்றத்தில் ஆறு பேர் பெட்டியைத் தரையில் இறக்கி, கம்பளிகளால் மூடி, அதைச் சுற்றி முதுகு குனிந்து நின்றார்கள். முன்னால் மத்சோசோ. தோள் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர், சேகோவும் ஒருவர். ஆலங்கட்டி முகட்டில் மட்டும்தான் விழுந்துகொண்டிருந்தது. கீழே அவருடைய வயல், பூவோடு, மஞ்சள் வெளிச்சத்தில் நின்றது.

“ந்தாத்தே மத்சோசோ!”

அவர் நிமிர்ந்தார். மெத்தையில் இருக்கவேண்டியவள் வாசலில் நின்றாள்.

“நேத்திலேர்ந்து உங்க சோளத்துக்காக ஒரு ஆணி அடிக்கல. இப்ப என் மக மேல கெடக்கா. டப்பாவுல ஆணி இருக்கு, சுத்தியலும் இருக்கு. உங்க வாயால சொல்லுங்க. அடிக்கவா, வேணாமா?”

மத்சோசோ வயலைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். தகரத்தின் ஓரத்தைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் தெரிந்தன, அவற்றில் ரத்தம். மறுபடி வயலைப் பார்த்தார்.

“ஏணி எங்க?” என்றார்.

“அந்தப் பக்கம்.”

“தலைக்கு ஒரு சட்டி குடுங்கடி யாராச்சும்! செத்தவனுக்கு மூடி போட்டீங்க, ஏறுறவனுக்குப் போட மாட்டீங்களா?”

களி கிண்டிய அலுமினியச் சட்டியைக் கவிழ்த்துக்கொண்டு, டப்பாவைச் சட்டைக்குள் திணித்து, அறுபத்து மூன்று வயது மனிதர் ஏணியில் ஏறினார். முதல் ஆணி. அந்தச் சத்தம் எதிர்மலையில் பட்டுத் திரும்பியது. ஊரே கேட்டிருக்கும். இரண்டாவது. மூன்றாவது. சட்டியின்மேல் கட்டி விழும் சத்தமும் சுத்தியல் சத்தமும் ஒன்றாகிவிட்டன. “நகரு பொண்ணே, உன் கையை அடிச்சுடப் போறேன்!” “நகர்ந்தா தூக்கும் ந்தாத்தே!” “அப்ப விரலையாவது மடக்கு!”

ஏழாவது ஆணிக்குப் பிறகு தகரம் எழும்பவில்லை. அதற்குப் பிறகும் அவர் நிறுத்தவில்லை. பதினோராவது தகரத்துக்கும் போய் அடித்தார். இருபத்தாறு ஆணி.

அதே நேரத்தில் ஆலங்கட்டியின் வெள்ளைத் திரை முகட்டைத் தாண்டிச் சரிவில் இறங்கியது. மத்சோசோ கூரைமேலிருந்து அதைப் பார்த்தார். அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். அந்த வீட்டில் வயலைப் பார்க்க அதைவிட நல்ல இடம் இல்லை.

பெட்டியை உள்ளே கொண்டுவந்தார்கள். மேற்கு மூலையில், காய்ந்த தரையில் வைத்தார்கள். மாலிபுவோ மெத்தைக்குத் திரும்பியிருந்தாள். பாதிரி ஜெபம் சொன்னார், உதடுகள்தான் தெரிந்தன. கூரை அவ்வளவு சத்தம் போட்டது. ஆனால் ஒரு சொட்டுகூட உள்ளே வரவில்லை. லிபுவோ கைகளைத் துணியில் சுற்றிக்கொண்டு அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்து மேலே பார்த்தபடியே இருந்தாள்.

ஆலங்கட்டி ஓய்ந்ததும் ஊர்த்தலைவி வந்தாள். வரும் வழியில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தாள். ஆற்றங்கரை வயல்கள் தப்பிவிட்டன. மத்சோசோவின் சோளம் மட்டும் நார்நாராகத் தொங்கியது.

“யாரு அடிச்சது?”

“நான்தான்” என்றார் மத்சோசோ. வாசலுக்கு வெளியே, வயலுக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தார். சட்டியை இன்னும் தலையிலிருந்து எடுக்கவில்லை.

“ஆலங்கட்டி முன்னாடியா, ஆணி முன்னாடியா?”

மத்சோசோ யோசித்தார். அவர் பொய் சொல்லியிருக்கலாம். யாரும் மறுத்திருக்க மாட்டார்கள்.

“வீட்டு மேல ஆலங்கட்டி முன்னாடி. வயல் மேல ஆணி முன்னாடி.”

“இதுக்கு நான் என்னன்னு தீர்ப்பு சொல்றது?”

கூரையோரத்தில் உருகிய நீர் சொட்டியது.

“ந்தாத்தே, உள்ள வாங்க” என்றாள் மாலிபுவோ. “அவர் பக்கத்துல உட்காருங்க. நனைஞ்சு போயிருக்கீங்க.”

அவர் சட்டியைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். பெட்டிக்குப் பக்கத்தில், சுவரோரமாக, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். நிமிர்ந்து, தான் அடித்த இடத்தைப் பார்த்தார்.

“அந்த மூணாவது ஆணி கோணலா இறங்கியிருக்கு” என்றார். “காலையில வந்து பிடுங்கி நேரா அடிச்சுடறேன்.”

“காலையில வேணாம் ந்தாத்தே” என்றாள். “அவரை மண்ணுல வெச்சுட்டு வந்து அடிங்க.”